ஈ.சி.யூ. சாக்கெட்டுக்குள் இன்ஜின் ஆயில்: எங்கிருந்து வருகிறது?

சங்ககிரி 12 சக்கரம்:

அனைவருக்கும் வணக்கம். சொந்த ஊர் சங்ககிரி. பதினோரு ஆண்டுகளாகப் பெங்களூருவில் இருக்கிறேன். பீன்யாவிலிருந்து சேலம், ஈரோடு பக்கம் சரக்கு ஓட்டுகிறேன். சொந்த வண்டி. 2018 மாடல், பி.எஸ். 4, காமன் ரெயில் இன்ஜின். இன்னும் ஏழு தவணை பாக்கி நிற்கிறது.

ஒரு மாதமாக ஆயில் பிரஷர் விளக்கு விட்டுவிட்டு எரிகிறது. ஆயில் அளவு சரியாக இருக்கிறது. தனியாக மீட்டர் மாட்டிப் பார்த்ததில் அழுத்தத்திலும் குறையில்லை. போன வாரம் சேலத்திலிருந்து சுமையோடு திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில் இழுவை திடீரென்று செத்துவிட்டது. பின்னால் வரிசையாக வண்டிகள். ஓரம்கட்டி, பத்து நிமிடம் அணைத்து வைத்து எடுத்தேன். எதுவுமே நடக்காததுபோல் ஓடியது.

இங்கே ஒரு பட்டறையில், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டியான ஈ.சி.யூ.வின் சாக்கெட்டைக் கழற்றினார்கள். பின்களுக்கு நடுவே கறுப்பாக ஆயில் தேங்கியிருந்தது. துடைத்து மாட்டினார்கள். நான்கே நாளில் மறுபடியும் ஆயில். "ஈ.சி.யூ. போய்விட்டது, மாற்றிவிடுங்கள்" என்று ஒரு லட்சத்துக்கு மேல் கேட்கிறார்கள். ஈ.சி.யூ.வுக்கு ஆயில் பைப் எதுவும் போகவில்லை. அதைச் சுற்றி இன்ஜினும் உலர்ந்துதான் இருக்கிறது. பிறகு ஆயில் எந்த வழியாக உள்ளே வந்தது? அது தெரியாமல் பணத்தைக் கொட்ட மனம் வரவில்லை.

ஓசூர் டிப்பர்:

எனக்கும் இதே தொல்லை இருந்தது அண்ணா. சென்சார் சாக்கெட்டின் பின்புறம் வயர் நுழையும் இடத்தைக் கேஸ்கெட் பேஸ்ட் வைத்து அடைத்தேன். ஒழுகல் நின்றுவிட்டது. நூறு ரூபாய்கூட ஆகவில்லை.

யஷ்வந்த்பூர் எலக்ட்ரீஷியன்:

தம்பிகளே, தயவுசெய்து பேஸ்ட் வைக்காதீர்கள். அடைத்தால் ஆயில் நிற்காது. வெளியே சொட்டிக்கொண்டிருந்தது உள்ளே திரும்பும். ஓசூர் தம்பி, உங்கள் ஈ.சி.யூ. சாக்கெட்டை இன்றே கழற்றிப் பாருங்கள்.

வயருக்குள் இருப்பது ஒற்றைக் கம்பி அன்று. மயிர்போன்ற செம்பு இழைகளின் கற்றை. இழைகளுக்கு நடுவே சந்து உண்டு. அகல்விளக்கில் திரி எண்ணெயை இழுப்பதுபோல் அந்தச் சந்து ஆயிலை இழுக்கும். மேலே பிளாஸ்டிக் தோல் மூடியிருப்பதால் வெளியில் ஒரு சொட்டும் தெரியாது. எட்டடி தள்ளியிருக்கும் ஈ.சி.யூ.வில் போய்த் தேங்கும். அதனால்தான் உங்கள் இன்ஜின் வெளியே உலர்ந்திருக்கிறது.

வண்டியில் இதற்கு முக்கியமாக இரண்டு வாசல். ஒன்று, ஆயில் பிரஷர் சென்சார். அதன் ஒரு முனை ஆயில் ஓடும் வழியில் இருக்கிறது, மறுமுனையில் வயர். நடுவிலுள்ள அடைப்பு விட்டுப்போனால், பம்ப் தள்ளும் அழுத்தமே ஆயிலை வயருக்குள் ஏற்றிவிடும். இரண்டாவது, இன்ஜினின் மேல்மூடியான டேப்பெட் கவருக்குள், டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர்களுக்குப் போகும் வயரிங். அது கவரைத் தாண்டி வெளியே வரும் சாக்கெட்டில் ஓ ரிங் என்ற ரப்பர் வளையம் இறுகிக் கல்லானால் கசியும்.

உங்களுக்கு விளக்கு எரிவதால் முதலில் சென்சாரைப் பாருங்கள். பேட்டரித் தொடர்பை எடுத்துவிட்டுச் சில நிமிடம் பொறுத்துக் கை வையுங்கள். இன்ஜெக்டர் வயரில் ஈ.சி.யூ. பேட்டரியின் 24 வோல்ட்டைவிட மிக அதிகமாகக் கொடுக்கும், அது விளையாட்டன்று. சென்சார் சாக்கெட்டைக் கழற்றி உள்ளே வெள்ளை டிஷ்யூ காகிதத்தைத் திரித்து விட்டு எடுங்கள். ஆயில் பட்டால் அந்தச் சென்சாரைத் தூக்கிப் போட வேண்டியதுதான். கழுவிப் பயனில்லை.

இழுவை ஏன் போனது என்றும் சொல்லிவிடுகிறேன். ஆயில் மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் ரப்பர் சீலை ஊதவைக்கும், கரியையும் தூசியையும் பின்களில் ஒட்டவைக்கும். தொடர்பு விட்டுவிட்டுக் கிடைக்கும். பல இன்ஜின்களில் ஒரே 5 வோல்ட் வயரைப் பல சென்சார்கள் பகிர்ந்துகொள்கின்றன. அது தடுமாறினால் ஈ.சி.யூ. இன்ஜினைக் காப்பதற்காகச் சக்தியைக் குறைத்துவிடும். ஈ.சி.யூ. செத்ததற்கு இது சாட்சி அன்று. இருபது ஆண்டுகளில், நல்ல ஈ.சி.யூ.க்களை இப்படிக் கழற்றி வீசியதை நிறையப் பார்த்துவிட்டேன். வயிறு எரிகிறது.

சங்ககிரி 12 சக்கரம்:

ஐயா, நீங்கள் சொன்னபடியே செய்தேன். காகிதம் கறுத்து வந்தது. சென்சாரைக் கழற்றி, சாக்கெட் பக்கம் கீழே இருக்கும்படி வீட்டில் ஒரு தாளின்மேல் நிறுத்தி வைத்தேன். காலையில் தாளில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு எண்ணெய் வட்டம். புதுச் சென்சார் ஜே.சி. ரோட்டில் கிடைக்கிறது. அதை மாட்டினால் போதுமா?

யஷ்வந்த்பூர் எலக்ட்ரீஷியன்:

போதாது. வயருக்குள் ஏறிய ஆயில் இன்னும் பல வாரம் ஈ.சி.யூ. பக்கம் இறங்கிக்கொண்டே இருக்கும். சென்சாருக்குப் போகும் மூன்று வயரையும் நடுவில் அறுக்க வேண்டும்.

சென்சாரிலிருந்து ஒரு சாண் தள்ளி வெட்டுங்கள். சென்சார் பக்கத் துண்டை எறிந்துவிட்டு, சாக்கெட்டோடு வரும் புதுத் துண்டு போடுங்கள். ஈ.சி.யூ. பக்க வயரின் தோலை அரை அங்குலம் உரித்து, கான்டாக்ட் கிளீனர் (மின் இணைப்புகளைச் சுத்தம் செய்யும் ஸ்பிரே) அடித்து, துணியால் அழுத்தி ஒற்றி எடுங்கள். எண்ணெய் இருந்தால் ஈயம் பிடிக்காது. பிறகு முறுக்கி, ஈயம் இழைகளுக்குள் உருகிப் பாயும்வரை சூடு காட்டுங்கள். மேலே மட்டும் பூசினால் வீண்; உள்ளே நிறைந்தால்தான் சந்து அடைபடும். வெறுமனே கிளிப் வைத்து நசுக்கினாலும் சந்து மிஞ்சும். இதுதான் இந்த வேலையின் உயிர்.

மூன்று இணைப்பையும் ஒரே இடத்தில் வைக்காமல் முன்னும் பின்னுமாக வையுங்கள். உள்ளே பசையுள்ள ஸ்லீவ் போட்டுச் சுருக்குங்கள், எஸ்.பி. ரோட்டில் வாங்கலாம். ஈயம் வைத்த வயர் அதிர்வில் ஒடியும், ஆகவே இருபுறமும் கட்டிவிடுங்கள்.

ஈ.சி.யூ. சாக்கெட்டுக்கும் கான்டாக்ட் கிளீனர்தான். பெட்ரோல், டீசல், தண்ணீர்ப் பீச்சல் மூன்றும் கூடாது. நன்றாக உலர்ந்த பிறகு மாட்டுங்கள். சீல் ஊதிப்போயிருந்தால், புதுசு கிடைத்தால் மாற்றுங்கள்.

நெலமங்களா மெக்கானிக்:

அண்ணன் சொன்னதோடு ஒன்று. டேப்பெட் கவர் சாக்கெட்டும் கசிவதாகத் தெரிந்தால், ஓ ரிங்கைத் தொடும் முன், இன்ஜினுக்குள் சேரும் காற்றை வெளியேற்றும் பிரீதர் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். காற்றுப் போக வழியில்லாவிட்டால் உள்ளழுத்தம் கூடி, புது ஓ ரிங்கையும் தாண்டி ஆயிலைத் தள்ளும்.

சங்ககிரி 12 சக்கரம்:

பிரீதர் சுத்தமாக இருக்கிறது, டேப்பெட் கவர் சாக்கெட்டும் உலர்ந்திருக்கிறது. மூன்று வயரையும் ஐயா சொன்னபடி வெட்டி ஈயம் வைத்தோம். வெட்டிய முனையைக் கிள்ளியதும் செம்புக்கு நடுவே ஆயில் முத்துப்போல் துளிர்த்தது. என் மகனும் பக்கத்தில் நின்று பார்த்தான். அதன்பின் மூன்று நடை போய்வந்துவிட்டேன். நேற்று சுமையோடு தொப்பூர் ஏறினேன், எங்கும் இழுவை குறையவில்லை. விளக்கு எரியவில்லை. இன்று காலை ஈ.சி.யூ. சாக்கெட்டில் டிஷ்யூ விட்டுப் பார்த்தேன்: வெள்ளையாகவே வந்தது. அதே பழைய ஈ.சி.யூ.தான் ஓடுகிறது. ஐயா, ஒருநாள் யஷ்வந்த்பூர் வந்து உங்களைப் பார்க்க வேண்டும்.

ஓசூர் டிப்பர்:

நானும் கழற்றிப் பார்த்தேன் ஐயா. பின்களில் ஆயில் இருக்கிறது. பேஸ்டைச் சுரண்டிக்கொண்டிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கொண்டுவரட்டுமா?

யஷ்வந்த்பூர் எலக்ட்ரீஷியன்:

காலை ஏழு மணிக்கு வாருங்கள். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும்.