வேற்றுலகிலிருந்து செய்தி வந்தால் அதை நம்மால் படிக்க முடியுமா?

நிலாமுற்றம் (கேள்வி):
வேற்றுலக அறிவுயிர்களைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் ‘இருக்கிறார்களா, இல்லையா’ என்பதிலேயே நின்றுவிடுகிறது. இருக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். 1977-இல் ஏவப்பட்ட வாயேஜர் விண்கலங்கள் இரண்டிலும் 55 மொழிகளில் வாழ்த்துரைகள் பதிந்த தட்டு வைக்கப்பட்டிருக்கிறது. தெலுங்கும் கன்னடமும் சிங்களமும் அதில் இருக்கும்போது தமிழ் இல்லையே என்று நம்மவர்கள் வருந்துவதுண்டு. எனக்கு எழும் ஐயம் வேறு. அந்த 55 மொழிகளில் ஒன்றுகூடக் கேட்பவருக்கு விளங்கப்போவதில்லை. அப்படியே அவர்கள் அனுப்புவதும் நமக்கு விளங்காது. கணிதம் எல்லோருக்கும் பொதுவான மொழி என்கிறார்கள். அது எவ்வளவு தூரம் கைகொடுக்கும்? விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

அலைவரிசை:
எண்ணுவது வரைக்கும் கைகொடுக்கும். அதற்கு மேல் ஐயம்தான். 1974 நவம்பர் 16 அன்று போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ வானொலித் தொலைநோக்கியிலிருந்து எம்13 என்னும் விண்மீன் கொத்தை நோக்கி அனுப்பப்பட்ட செய்தியில் மொத்தம் 1679 துடிப்புகள் இருந்தன; ஒவ்வொன்றும் 0 அல்லது 1. 1679 என்பது 23, 73 ஆகிய இரு பகா எண்களின் பெருக்கல்; ஆகவே பெறுபவர் அதை 23 பத்திகளும் 73 வரிசைகளும் கொண்ட கட்டமாக அடுக்குவார், 1 வரும் கட்டங்களை நிரப்பினால் அதில் படம் தோன்றும் என்பது செய்தியை வடிவமைத்த வானியலாளர் ஃபிராங்க் டிரேக்கும் அவருடைய குழுவினரும் வைத்த நம்பிக்கை.

சென்ற கோடை விடுமுறையில் நானும் என் மகளும் கட்டம் போட்ட நோட்டில் இதைப் பென்சிலால் நிரப்பிப் பார்த்தோம். முதலில் 73 பத்திகளாக அடுக்கியபோது வெறும் புள்ளிச் சிதறல்தான் கிடைத்தது. திருத்தி அடுக்கிய பிறகு நடுவே மனித உருவம் தெரிந்தது, “இது பூச்சியா அப்பா?” என்று கேட்டாள். அந்த உருவத்தின் பக்கத்தில் 14 என்ற எண் இரும முறையில், அதாவது 0, 1 இரண்டை மட்டும் கொண்டு, எழுதப்பட்டிருக்கிறது. செய்தியைச் சுமந்து சென்ற அலையின் நீளம் 12.6 சென்டிமீட்டர், அதை 14-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 176 சென்டிமீட்டர், அதாவது ஒரு மனிதனின் உயரம் வரும். அழகான யோசனைதான். ஆனால் பக்கத்தில் இருக்கும் எண் அந்த உருவத்தின் உயரத்தைத்தான் குறிக்கிறது என்று அவர்களுக்கு யார் சொல்வது? வரிசைகளை வலமிருந்து இடமாக நிரப்பினால் எல்லாமே கண்ணாடிப் பிம்பமாக மாறிவிடும். எந்தப் பக்கம் இடம், எந்தப் பக்கம் வலம் என்பதைத் துடிப்புகளை மட்டும் வைத்து உணர்த்த வழியில்லை.

பானையோடு:
மேலே நண்பர் சொன்னதோடு உடன்படுகிறேன், ஆனால் சிக்கல் இன்னும் ஆழமானது என்பது என் எண்ணம். பழைய எழுத்துகளோடு பழகியவர்களுக்கு இது புதிதன்று. கிரேக்கத்தின் லீனியர் பி எழுத்தை மைக்கேல் வென்ட்ரிஸ் 1952-இல் படித்துவிட முடிந்ததற்குக் காரணம், அதற்குள் இருந்த மொழி நாம் ஏற்கெனவே அறிந்த கிரேக்க மொழியின் பழைய வடிவம் என்பதுதான். சிந்துவெளி எழுத்துக்கோ ஐராவதம் மகாதேவன் 1977-இல் முழுமையான தொகுப்பும் சொல்லடைவும் வெளியிட்ட பிறகும், எல்லோரும் ஏற்கும் வாசிப்பு ஒன்று இன்றுவரை இல்லை. ஒரு முத்திரைக்குச் சராசரியாக ஐந்து குறிகளே இருக்கின்றன. அதே செய்தியை நாம் அறிந்த வேறொரு மொழியிலும் தரும் இருமொழிக் கல்வெட்டு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. இத்தனைக்கும் எழுதியவர்கள் நம்மைப் போலவே இரு கண்ணும் இரு கையும் உடையவர்கள்; மாடு வளர்த்தார்கள், வணிகம் செய்தார்கள்.

படம் வரைந்தால் புரிந்துவிடும் என்பதையும் நான் நம்பவில்லை. 1972-இல் ஏவப்பட்ட பயனியர் 10 கலத்தின் தகட்டில், கலம் சென்ற பாதையைக் காட்ட அம்புக்குறி ஒன்று வரையப்பட்டிருக்கிறது. வில்லும் அம்பும் எய்து வேட்டையாடிய இனத்துக்கு மட்டுமே அது திசையைக் காட்டும் என்று கலை வரலாற்றறிஞர் கோம்பிரிச் அப்போதே சுட்டிக்காட்டினார். வரைந்தவர்களுக்கு அது தோன்றவே இல்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. நமக்கு இயல்பாகப் படுவது எதுவோ அதைத்தான் நாம் விளக்காமல் விட்டுவிடுவோம். அவர்களும் அப்படித்தான் விடுவார்கள்.

தெற்குவாசல்:
படிப்பதைப் பற்றியே பேசுகிறோம். புரியாத இடத்தில் திருப்பிக் கேட்கவும் வேண்டுமே. அங்கேதான் தொலைவு குறுக்கிடுகிறது. சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீனான பிராக்சிமா சென்டாரி 4.24 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. ‘இதற்கு என்ன பொருள்’ என்று ஒருமுறை கேட்டுப் பதில் பெற எட்டரை ஆண்டுகள் ஆகும். எம்13 ஏறத்தாழ 25,000 ஒளியாண்டுத் தொலைவில் இருப்பதால் அங்கே அனுப்பியதைக் கடிதம் என்று சொல்வதற்கே எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

யார் பதில் எழுதுவது என்பதும் முடிவாகவில்லை. செய்தி கிடைத்தால் உலக நாடுகளைக் கலந்தாலோசிக்காமல் மறுமொழி அனுப்பக்கூடாது என்று வேற்றுலக அறிவுயிர்களைத் தேடும் அறிவியலாளர்கள் வகுத்த 1989-ஆம் ஆண்டு நெறிமுறைகள் சொல்கின்றன. ஆனால் அவற்றை மீறினால் தடுக்கச் சட்டம் எதுவும் இல்லை. நாமாக முந்திக்கொண்டு அனுப்புவது வேறு நடந்துகொண்டுதான் இருக்கிறது. 2017-இல் நார்வேயிலிருந்து சுமார் 12.4 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள லூய்ட்டன் விண்மீனுக்கு அனுப்பியதற்கு அங்கே யாராவது இருந்து உடனே பதில் தந்தால், 2042 வாக்கில் அது வந்து சேரலாம்.

நிலாமுற்றம்:
மூவருக்கும் நன்றி. அலைவரிசை சொன்னபடி அரெசிபோ கட்டத்தை நானும் நேற்றிரவு வரைந்து பார்த்தேன். ஒன்று முதல் ஏழு வரையிலான எண்கள் ஒவ்வொன்றும் ஒரே பத்தியில் அடங்கியிருந்ததால் சிரமமில்லாமல் படித்துவிட்டேன். எட்டில் மாட்டிக்கொண்டேன். அது திடீரென்று இரண்டு பத்திகளுக்குப் பரவியிருந்தது. அது ஒரே எண்தான் என்று தெரிந்துகொள்ள விடையைப் பார்க்க வேண்டியதாயிற்று.