மாத்திரையை இடித்த பெரியம்மா

இங்கே பலரும் வேலையில் சந்திச்ச நோயாளிகளைப் பத்தி எழுதியிருக்கீங்க. நான் நோயாளியைப் பார்க்கிறதே இல்லை. ஹைதராபாத்தில் ஒரு மருந்து ஆய்வு நிறுவனத்தில் பார்மகோகைனடிக்ஸ் வேலை. மாத்திரை முழுங்கினவர் ரத்தத்தில் எத்தனை மணிக்கு எவ்வளவு மருந்து இருந்ததுங்கிற எண்கள்தான் என்கிட்ட வரும். உச்சம் எப்போ, அது பாதியா குறைய எவ்வளவு நேரம்னு கணக்குப் போடணும். ஊர்ல "மாத்திரைக் கம்பெனில கணக்கு எழுதுதான்"னு சொல்லி வச்சிருக்காங்க. தப்புன்னும் சொல்ல முடியலை.

ஆனித் தேருக்கு வந்தவன் அப்படியே அம்பைக்குப் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். அடுப்படியில் டங்கு டங்குனு சத்தம். ஏலக்காய் தட்டுற சின்ன உரல்ல சுகர் மாத்திரையை இடிச்சுக்கிட்டிருக்காங்க.

"ஏல, இது கரையவே மாட்டேங்கு. முழுங்குனது முழுசா வெளிய வந்துருது. சொல்லவே வெக்கமா இருக்கு. துட்டு குடுத்து வாங்குனத வீணாக்கவா?"

அட்டையைப் பார்த்தேன். மெட்பார்மின் எஸ்.ஆர். சாதா மெட்பார்மின் இரண்டரை மணி நேரம் போல ரத்தத்தில் உச்சத்துக்குப் போயிரும். இது மெதுவா விடுற வகை, 7 மணி நேரம் பக்கத்தில் ஆகும். மருந்து கசிஞ்சு போன பிறகு சக்கை சில சமயம் மாத்திரை உருவத்திலேயே வெளியே வரும். இடிச்சா நாள் முழுக்க இறங்க வேண்டியது மொத்தமா இறங்கும். வயிறு எப்படி இருக்குன்னு கேட்டேன். ரெண்டு வாரமா சரியில்லையாம்.

ரத்தத்தில் மருந்து ஏறி இறங்குறதை, ரெண்டு வகைக்கும் ஒவ்வொண்ணா, காலண்டர் தாளுக்குப் பின்னாடி ரெண்டு கோடு வரைஞ்சு காட்டினேன். "பொதிக மல மாதிரி இருக்கு"ன்னாங்க. அப்புறம்தான் காபி ஃபில்டர் கண்ணில் பட்டது. "டிகாஷன் இறங்குன பொறவும் பொடி மேலதான இருக்கு? காபி எறங்கலைன்னா சொல்லுவீங்க?"

கொஞ்ச நேரம் பேசலை. "அப்ப வந்தது வெறும் பொடியா? இத ஒரு வார்த்த சொல்லிக் குடுத்திருக்கலாம்லா."

எங்க ஆய்வில் ஆள் ராத்திரியிலிருந்து 10 மணி நேரம் பட்டினி, அளந்து 240 மில்லி தண்ணீர், முழுங்கினதும் வாயில் டார்ச் அடிச்சுப் பார்க்கிறது வரைக்கும் உண்டு. கடிச்சு முழுங்கினா அந்த ஆளோட எண்களைப் பெரும்பாலும் ஒதுக்கிருவோம். பெரியம்மா என் வரைபடத்துக்குள்ள வரவே வழியில்லை.

மறுமொழி: பாளையங்கோட்டையில் மெடிக்கல் வச்சிருக்கேன். ஒரு அக்கா தைராய்டு மாத்திரையைக் காபியோடதான் முழுங்குவாங்க. டோஸ் கூட்டின ரெண்டாவது வாரமே டெஸ்ட் எடுத்துட்டு, ஒண்ணும் மாறலைன்னு என்கிட்ட சண்டை!

பதில்: காபி அந்த மருந்தை முழுசா உள்ளே ஏற விடாது அண்ணாச்சி. அது உடம்புல பாதியா குறையவே 7 நாள் ஆகும். அப்படி அஞ்சு சுற்றாவது போனாத்தான் அளவு ஒரு நிலைக்கு வரும். 6 வாரம் கழிச்சு டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க. பெரியம்மா இப்போ இடிக்கிறதில்லை. அன்னைக்குக் குடுத்த பாயசத்துக்கு ஏலக்காயை அதே உரல்லதான் தட்டினாங்களான்னு மட்டும் நான் இன்னும் கேட்கலை.