புதுப்பிப்பு: 64 ஜிபி பென்டிரைவில் 5 ஜிபி வீடியோ ஏறாத விவகாரம்

காலியான 64 ஜிபி பென்டிரைவ், 5 ஜிபி வீடியோவை ஏற்க மறுக்கிறது என்று போன வாரம் புலம்பியிருந்தேன். பென்டிரைவ் பழுது என்றே முடிவுகட்டியிருந்தேன். பாவம், அதன்மேல் குற்றமில்லை.

குற்றவாளி அதிலிருந்த ஃபேட்32 கோப்பு முறைமை, அதாவது கோப்புகளுக்குக் கணக்கு வைக்கும் ஏற்பாடு. ஒவ்வொரு கோப்பின் அளவையும் அது 32 பிட் எண்ணாகத்தான் (0, 1 மட்டுமே கொண்ட 32 இலக்கங்களில்) குறித்துவைக்கிறது. அந்த எண்ணின் உச்சம் 4,29,49,67,295 பைட். அதாவது விண்டோஸ் கணக்கில் 4 ஜிபிக்கு ஒரு பைட் குறைவு. பேரேட்டில் எழுதக் கட்டம் போதவில்லை என்றால், கிடங்கு எவ்வளவு பெரிதாக இருந்து என்ன பயன்?

இதைவிடப் பெரிய கோப்புகளையும் ஏற்கும் எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றி ஃபார்மேட் செய்தேன். வீடியோ மறுபேச்சின்றி ஏறிவிட்டது. (ஃபார்மேட் செய்தால் உள்ளிருப்பது போய்விடும். என்னுடையது காலி, தப்பித்தேன்.)

64 ஜிபி ஏன் 59.6 ஆகத் தெரிகிறது என்று கேட்டவருக்கு: யாரும் திருடவில்லை. தயாரிப்பாளர் கணக்கில் ஒரு ஜிபி 100 கோடி பைட். விண்டோஸ் கணக்கில் 1,07,37,41,824 பைட்.

இப்போது என் பழைய தொலைக்காட்சிப் பெட்டி எக்ஸ்ஃபேட்டைப் படிக்க மாட்டேன் என்கிறது. அது அடுத்த வழக்கு.