புதுப்பிப்பு: ரியல்பாத் கட்டளையும் 108 பைட் வரம்பும்

முந்தைய இழையில் கேட்டது இதுதான்: லினக்ஸில் யுனிக்ஸ் சாக்கெட்டின் (ஒரே கணினியில் நிரல்கள் பேசிக்கொள்ள உதவும் கோப்பு) பாதை ரொம்ப நீளம் என்று நிரல் நின்றுவிடுகிறது, ரியல்பாத் (பாதையின் உண்மையான முழு வடிவைக் காட்டும் கட்டளை) கொண்டு அதைச் சுருக்கலாமா?

முழுப்பாதை கேட்டால் சுருங்காது, பெரும்பாலும் நீளும். ரியல்பாத் சிம்லிங்க்கை (வேறொரு பாதையைச் சுட்டும் குறுக்குவழியை) அவிழ்த்து உண்மையான இடத்தைத் தரும். ‘/வே’ என்ற சிம்லிங்க் ‘/தரவு/2023/திட்டம்’ ஆகிவிடும். சாக்கெட் முகவரிக்கு லினக்ஸ் ஒதுக்குவது 108 பைட், மேக்கில் 104. யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் ‘த’ 3 பைட், ‘தி’ 6 பைட். கோப்புறைக்குத் தமிழ்ப் பெயர் வைப்பவர்கள் இதைக் கட்டாயம் கணக்கில் எடுங்கள்.

சரியான வழி: ‘எல்என் -எஸ்’ கட்டளை கொடுத்துக் குட்டி சிம்லிங்க் ஒன்றை உருவாக்கி, அதன் வழியாகவே இணையுங்கள். வரம்பு நீங்கள் கொடுக்கும் சரத்துக்குத்தான், கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) அவிழ்த்துப் பார்க்கும் பாதைக்கு இல்லை. இரண்டு பாதைகள் ஒரே இடம்தானா என்று ஒப்பிட ரியல்பாத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

ரியல்பாத்தின் ‘--ரிலேட்டிவ்-டு=.’ தரும் சார்புப் பாதை (இப்போதைய கோப்புறையிலிருந்து தொடங்குவது) நன்றாகவே சுருங்கும். ஆனால் நிரல் வேறு கோப்புறைக்கு மாறினால் அது செல்லாது. டீமன்கள் (பின்னணியில் ஓடும் நிரல்கள்) பலவும் தொடங்கியதும் மூலக் கோப்புறையான ‘/’-க்கு மாறிவிடும்.

சிம்லிங்க்கை அவிழ்க்காமல் ‘..’ (ஒரு படி மேலே உள்ள கோப்புறை) மட்டும் நீக்க ரியல்பாத்தில் ‘-எஸ்’ உண்டு. இதில் கவனம் தேவை: ‘/வே/..’ என்பது கெர்னலுக்கு ‘/தரவு/2023’, ‘-எஸ்’ தருவதோ வெறும் ‘/’.