சேவலைப் பீடத்தில் வைத்துவிட்டுப் போனவர்: பிரசங்கம் கேட்ட பிறகு உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

தேரிக்காட்டு ஐயர்:
சபைப் போதகராக (எங்கள் பக்கம் ஐயர் என்பார்கள்) முப்பது வருடம் பிரசங்கம் பண்ணியாயிற்று. அதைக் கேட்டு யாராவது எதையாவது செய்து நான் கண்ணால் பார்த்தது மிகக் குறைவு. அதில் ஒன்று இன்னும் உறுத்துகிறது.

சாத்தான்குளம் பக்கம் ஒரு சேகரம், அதாவது ஒரு போதகரின் பொறுப்பில் உள்ள சபைகள். அங்கே அறுப்பின் பண்டிகை. அன்றைக்குப் பிரசங்கத்தை யார் கேட்கிறார்கள்? பீடத்துக்கு முன்னால் வாழைத்தாரும் கருப்பட்டியும் குவிந்து கிடக்கும். எல்லாருக்கும் மனசு அந்தக் காணிக்கைப் பொருள்களின் ஏலத்தில், மூக்கு அசனம் என்கிற பொதுவிருந்தின் குழம்பில். நானும் அவசரத்தில்தான் மத்தேயு 5:23, 24-ஐ எடுத்தேன். காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு, அதாவது சமாதானமாகு என்கிற பகுதி.

மூன்றாவது வரிசையில் ஒரு பெரியவர். பனையேறி. மடியில் கால் கட்டிய செஞ்சேவல். வசனத்தை நான் இரண்டாம் தடவை வாசிக்கும்போது எழுந்தார். சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடுவழியே வந்து, பீடத்துக்குக் கீழே வாழைத்தாரில் சாய்த்து வைத்தார். கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளையிடம், "பாத்துக்க, வந்திருதேன்" என்றார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். பிள்ளைகள் சிரித்தார்கள். பீடி குடிக்கப் போகிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

ஏலத்தில் சேவல் முறை வந்ததும் கோயில்பிள்ளை தயங்கினார். "அவர் வந்திருதேன்னு சொல்லியிருக்காரு ஐயா." ஒரு சேவலுக்காக ஏலத்தை நிறுத்த முடியுமா, போடு என்றேன்.

மூன்று மணிவாக்கில் பெரியவர் என் வீட்டுக்கு வந்தார். கூட அவர் தம்பி. பதினோரு வருடப் பேச்சில்லை என்று அப்புறம் தெரிந்தது. "சேவல் எங்க ஐயா? ரெண்டு பேருமா சேந்து படைக்கலாம்னு வந்தோம்." ஏலத்தில் போய்விட்டது என்றேன். அவ்வளவுதான் விஷயம்.

கடைசி பெஞ்சு:
ஐயா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கு நடந்தது அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து ஆராதனையில், ஒருவருக்கொருவர் சமாதானம் கொடுக்கும் நேரம். இப்போது நிறைய கோயில்களில் திரும்பி ஒரு கும்பிடோடு முடித்துவிடுகிறார்கள். எங்கள் ஊரில் பழைய முறைதான். பீடத்திலிருந்து இறங்கி, உள்ளங்கையோடு உள்ளங்கை சேர்த்து, மேலே இடது கையை மூடி, ஆள் ஆளாக வரும். அன்று தாமதமாகப் போனதால் கிடைத்த இடத்தில் உட்கார்ந்தேன். பார்த்தால் பக்கத்தில் என் நாத்தனார். என் கல்யாணச் சங்கிலியை அடகு வைக்க வாங்கிக்கொண்டு போனவள். மூன்று வருடமாகிறது.

சமாதானம் அவள் வழியாகத்தான் எனக்கு வரவேண்டும். கையை நீட்டினாள். சோப்புத் தூள் அரித்து விரலெல்லாம் வெடிப்பு. வீட்டு வேலைக்குப் போகிறாள் என்பதே அந்தக் கையைத் தொட்ட பிறகுதான் எனக்குத் தெரியும். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குள் எனக்கு அடுத்த அம்மா முழங்கையால் இடித்து, கொடு கொடு என்று என் கையை வாங்கிக்கொண்டார்.

அதற்கப்புறமும் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. சங்கிலியும் வரவில்லை.

பழைய வாத்தியார்:
ஐயா மன்னிக்கணும், வசனத்தில் பாதியை விட்டுவிட்டீர்கள். உனக்குச் சகோதரன்மேல் குறை இருந்தால் என்று அங்கே இல்லை. *உன்பேரில் அவனுக்குக் குறை உண்டென்று* நினைவு வந்தால் என்றிருக்கிறது. தப்பு செய்தவன்தான் எழுந்து போகவேண்டும். பனையேறிப் பெரியவருக்கு இது விளங்கியிருக்கிறது. கடைசி பெஞ்சு, உங்கள் கதையில் போகவேண்டியது நாத்தனார்தான், நீங்கள் இல்லை.

இன்னொன்று. ஆராதனையில் சமாதானம் காணிக்கைக்கு முன்னால் வருவதே இந்த வசனத்தோடு பொருந்தத்தான். 1947 செப்டம்பரில் தென்னிந்தியத் திருச்சபை ஒன்றானது. 1950-ல் வந்த அதன் திருவிருந்து ஒழுங்கில் இந்தக் கை சேர்க்கும் முறையைச் சேர்த்தார்கள். அதற்கும் முந்தின ஆங்கிலிக்கன் ஜெபபுத்தகம் இன்னும் கண்டிப்பு. பகை வைத்திருப்பவர்களைச் சமாதானமாகும்வரை திருவிருந்து மேசைக்கு விடக்கூடாது என்று குருவுக்கே விதி உண்டு. இன்றைக்கு அதை நடப்பித்தால் அப்பமும் ரசமும் அப்படியே மிஞ்சும்.

என் அனுபவமா? முட்டை திருடினான் என்று ஒரு பையனை அடித்தேன். அவன் திருடவில்லை. இப்போது பஸ் கண்டக்டர். "வணக்கம் சார்" என்று சொல்லித்தான் டிக்கெட் கிழிக்கிறான். என்மேல் குறை இருக்கிறதா என்று நான் கேட்டதில்லை.

வரப்பு:
அண்ணன் தம்பி பதினோரு வருடம் பேசவில்லை என்றால் பெரும்பாலும் இடப் பிரச்சினைதான். எங்கள் வீட்டிலும் அதுவே. போதகர் வந்து ஜெபித்துவிட்டுப் போனார், மறுநாளே வேலிக்கல் நகர்ந்திருந்தது.

அதனால் சொல்கிறேன், முதலில் பட்டாவைப் பாருங்கள். கூட்டுப் பட்டாவா, தனிப் பட்டாவா? கூட்டுப் பட்டா என்றால் உட்பிரிவுக்கு மனு கொடுங்கள். புல வரைபடம் ஒரு நகல் எடுத்து வையுங்கள். அதில் கல்லுக்குக் கல் அளவு இருக்கும், வாய்ச்சண்டைக்கே இடமில்லை. சர்வேயர் வரும் நாளில் இரண்டு தரப்பும் நிற்கவேண்டும், பக்கத்து நிலத்துக்காரரையும் கூப்பிடுங்கள். அப்பா பெயரிலேயே கிடந்தால் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிப் பதிந்துவிடுங்கள். குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத் தீர்வை குறைவு. வெள்ளைப் பேப்பரில் எழுதி இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டதை நம்பிப் பத்து சென்ட் இழந்தவன் நான். கல் நட்ட அன்றைக்கே போட்டோ எடுங்கள்.

கடைசி பெஞ்சு:
அண்ணாச்சி, இங்கே யாரும் நிலம் அளக்கக் கேட்கவில்லை.

வாத்தியாரே, போகவேண்டியது அவள்தான் என்பது சரி. ஆனால் கையை முதலில் நீட்டினதும் அவள்தானே? சமாதானம் அந்தப் பக்கமிருந்து வந்ததால் நீட்டினாள் என்பீர்கள். இருக்கட்டும். என் கையை நான்தான் இழுக்கவில்லை.

ஐயாவிடம் ஒன்று கேட்கவேண்டும். அந்தச் சேவலை ஏலத்தில் யார் எடுத்தார்கள்? அவர்களிடம் திரும்பக் கேட்டு வாங்கியிருக்கலாமே?

தேரிக்காட்டு ஐயர்:
வாத்தியார் சொன்னது சரி. வசனத்தை அன்றைக்கு நான் சரியாக வாசிக்கவில்லை.

சேவலை எடுத்தது எங்கள் வீட்டில்தான். மறுநாள் பிஷப் அலுவலகத்திலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. என் வீட்டுக்காரி ஐயரம்மா தொள்ளாயிரம் ரூபாய்க்கு எடுத்து, கொல்லையில் கட்டிப் போட்டிருந்தாள். அண்ணனும் தம்பியும் வாசலில் நிற்கும்போது அது அங்கேதான் நின்றது. யாரோ வெளியூர்க்காரர் எடுத்தார், யாரென்று எனக்குத் தெரியாது என்றேன்.

அப்போது கொல்லையில் சேவல் கூவிற்று.

தம்பி என் முகத்தைப் பார்த்தார். பெரியவர் பார்க்கவில்லை. "சரிங்க ஐயா" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு தம்பியைக் கூட்டிக்கொண்டு போனார்.