முழு வாக்கியமாகத் தேடுவதா, தனிச் சொற்களாகத் தேடுவதா?

கேள்வி:
வணக்கம். மழை தொடங்கியதும் காய்ந்த மண்ணிலிருந்து ஒரு மணம் எழுகிறதல்லவா, அதன் காரணத்தை அறிய விரும்பி, "மழை பெய்தால் மண் மணப்பது ஏன்" என்று தேடுபொறியில் தட்டச்சு செய்தேன். பதினைந்து பக்கங்களைத் திறந்து படித்தும், அவை அனைத்தும் ஒரே நான்கு வரிகளைச் சற்று மாற்றி எழுதியவையாகவே இருந்தன. நீங்கள் எவ்வாறு தேடுகிறீர்கள்? கிடைத்ததை எப்போது நம்புகிறீர்கள்?

மறுமொழி 1:
வாக்கியமாகத் தேடியதில் பிழையில்லை. இன்றைய தேடுபொறிகள் வாக்கியத்தின் பொருளையும் ஓரளவு கணிக்கின்றன. ஆயினும் நாம் கேட்கும் நொடியில் அவை இணையம் முழுவதையும் படிப்பதில்லை. எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் உள்ளது என்று முன்னரே தொகுத்து வைத்த, நூலின் இறுதியில் வரும் சொல்லடைவைப் போன்றதொரு பட்டியலையே புரட்டுகின்றன. எங்கும் காணப்படும் சொல்லைவிடச் சில பக்கங்களில் மட்டும் வரும் சொல்லுக்கு அதிக எடை தர வேண்டும் என்பதைக் கணினி அறிவியலாளர் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972இல் எடுத்துக்காட்டினார். "மழை", "மண்", "ஏன்" ஆகியவை எங்கும் கிடப்பவை. ஆகவே முதல் தேடலில் நான் விடையைத் தேடுவதில்லை. அத்துறையினர் கையாளும் சொல்லைத்தான் தேடுவேன். உங்களுக்கு வேண்டிய சொற்கள் "பெட்ரிகோர்" (மழை பட்ட காய்ந்த மண்ணின் மணத்துக்கு வழங்கும் பெயர்), "ஜியோஸ்மின்" (மண் மணம் வீசும் ஒரு வேதிப்பொருள்). தகவல் அறிவியலாளர் மார்சியா பேட்ஸ் 1989இல் தேடலைப் புதர்களில் பழம் பறிப்பதற்கு ஒப்பிட்டார்: விடை ஓரிடத்தில் குவிந்திருப்பதில்லை, பறிக்கப் பறிக்க நாம் தேடும் பொருளே சற்று மாறிவிடுகிறது.

மறுமொழி 2:
தமிழில் தேடுவோருக்கு வேறொரு தொல்லையும் உண்டு. ஒருவர் "மண்வாசனை" என்பார், மற்றொருவர் "மண் வாசம்" என்பார். வேற்றுமை உருபு சேர்ந்தால் "மரம்" "மரத்தில்" ஆகிவிடும். 2005இல், எழுத்துகளுக்குக் கணினிக் குறியீடு வழங்கும் தரமான யூனிகோடில் "ஶ" சேர்க்கப்பட்டபின், "ஸ்ரீ" என்பதையே இரு வேறு குறியீடுகளால் எழுத முடிகிறது. இரண்டு மூன்று வடிவங்களில் தேடிப் பாருங்கள், ஆங்கில எழுத்துகளிலும் ஒருமுறை.

மறுமொழி 3:
நம்புவதைப் பற்றிக் கேட்டீர்கள். அந்த நான்கு வரிகளில் ஒன்றை அப்படியே எடுத்து, மேற்கோள் குறிகளுக்குள் இட்டுத் தேடுங்கள். அதே வரி இருபது பக்கங்களில் வந்தால், உங்களிடம் இருப்பவர்கள் இருபது சாட்சிகள் அல்லர், ஒரே சாட்சிதான். எல்லாத் தேடலுக்கும் இவ்வளவு பாடு தேவையில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கணினி அறிவியலாளர் ஆண்ட்ரே பிரோடர் 2002இல் வகைப்படுத்தியவாறு, பலர் ஒரு குறிப்பிட்ட தளத்தை அடையவோ, ஒரு செயலை முடிக்கவோதான் தேடுகிறார்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. "பெட்ரிகோர்" என்று தேடியதும், அச்சொல்லை இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் ஆகிய ஆஸ்திரேலிய அறிவியலாளர்கள் 1964இல் 'நேச்சர்' இதழில் அறிமுகப்படுத்திய செய்தி உடனே கிடைத்தது. அவர்கள் சொன்னது பாறையிலும் மண்ணிலும் தங்கியிருக்கும் ஓர் எண்ணெயைப் பற்றி. ஜியோஸ்மினோ மண்ணில் வாழும் பாக்டீரியா உண்டாக்குவது. நான் படித்த பதினைந்து பக்கங்களும் இரண்டையும் ஒன்றெனவே எழுதியிருந்தன.