தங்கச்சி ரிசப்ஷனில் ஆட ஹிப்-ஹாப் பாட்டு சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. அடுத்த மாதம் கிள்ளானில் தங்கச்சியின் கல்யாண ரிசப்ஷன். சாப்பாடு முடிந்ததும் ஒரு மணி நேரம் ஆட்டம், அதுவும் முழுக்க ஹிப்-ஹாப்பாக இருக்க வேண்டும் என்பது அவள் ஆசை. பாட்டுகளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னுடையது.

தொடக்கத்துக்கு யோகி பி, நட்சத்திரா குழுவின் 'மடை திறந்து' என்று முடிவு செய்துவிட்டேன். 2006-இல் வந்த நம் மலேசிய ராப். இளையராஜாவின் 1980-ஆம் வருட மெட்டு அதற்குள் இருப்பதால் அத்தை, மாமாக்களும் உடனே பிடித்துக்கொள்வார்கள். அப்புறம் 'பேட்ட ராப்', 'எஞ்சாயி எஞ்சாமி'.

சிக்கல் ஆங்கிலப் பாட்டில்தான். அஷரின் 'யே!' நிமிடத்துக்கு 105 தட்டு. ஆடத் தெரியாதவர் காலும் தானாக அசையும் வேகம். ஆனால் தாத்தா பாட்டி முன் வரிசையில் இருப்பார்கள். கெட்ட வார்த்தையை நீக்கிய பதிப்பு கிடைத்தாலும் வரிகளின் கருத்தே சபைக்கு ஆகாது. அவர்கள் முகம் சுளிக்க நான் விடமாட்டேன்.

கிட்டத்தட்ட அதே வேகத்தில், குடும்பத்தோடு ஆடக்கூடிய தமிழ், மலாய், ஆங்கில ராப் எதுவானாலும் சொல்லுங்கள். உங்கள் வீட்டு விசேஷத்தில் கூட்டமே எழுந்து ஆடிய பாட்டு என்றால் இன்னும் நல்லது. இரண்டு வாரத்தில் டிஜேவிடம் பட்டியலைக் கொடுக்க வேண்டும்.